நஜீரின் செருப்புச் சத்தம்

தகரக் கதவுக்கு வெளியே நின்று செருப்பைத் தரையில் தேய்க்கிறார் நஜீர். செருப்பில் சேறும் இல்லை, சகதியும் இல்லை. பிறகு தொண்டையைச் செருமுகிறார். சளியும் இல்லை. உள்ளே ஒரு முனகல், ஒரு குரைப்பு, கூண்டுக் கம்பியில் வால் பட்டு எழும் டங்டங். அது காதில் விழுந்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்கிறார்.

“சொல்லாம கொள்ளாம உள்ள பூந்தா பயந்துக்காதா அக்கா? ஒரு ஊட்டுக்குப் போனா வாசல்ல நின்னு செருமிட்டுத்தான போறோம்? இது மட்டும் இன்னா, மரியாத இல்லாத ஜென்மமா?” என்று, ஒரு நாள் பார்க்கப் போயிருந்த எதிர்வீட்டுக்காரியான என்னைக் கேட்டார். நான் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். உள்ளே இருந்தவை அத்தனையும் தெருநாய்கள். எனக்கும் அவற்றுக்கும் நடுவில் நஜீரின் முதுகு மட்டும்தான் இருந்தது.

திருவேற்காட்டிலிருந்து குமணன்சாவடிக்கு வரும் வழியில் பழைய பெயிண்ட் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதை ஓர் அறக்கட்டளை எடுத்து, தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்கிற இடமாக ஆக்கியிருக்கிறது. தெருவில் பிடிப்பார்கள், இங்கே கொண்டுவந்து வயிற்றைக் கீறித் தைப்பார்கள், காயம் ஆறியதும் காது நுனியில் ஓர் அடையாள வெட்டோடு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். நஜீர் இங்கே வண்டி ஓட்டுகிறார், நாய் பிடிக்கிறார், கூண்டு கழுவுகிறார், மயக்கம் தெளிகிற நாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் பெயர் உதவியாளர். டாக்டருக்கு உதவியாளரா, நாய்க்கு உதவியாளரா என்று யாரும் விளக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. மருதாணி போட்ட குட்டைத் தாடி. குதிகால் பக்கம் தேய்ந்து ஒருக்களித்துப்போன ரப்பர் செருப்பு. சட்டையில் மூன்று ஜாதி வைத்திருக்கிறார்: நாய்ச்சட்டை, வீட்டுச்சட்டை, பள்ளிவாசல் சட்டை. ஒன்றை இன்னொன்றோடு ஒரே கொடியில் காயப்போட மாட்டார். வேலை முடிந்ததும் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் தலையோடு குளித்து, நாய்ச்சட்டையை அங்கேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஏறுவார். தொழுகைக்குச் சுத்தம் முக்கியம், நாயின் எச்சில் பட்டால் ஆகாது. இவ்வளவு செய்தும் நம்பாத அவருடைய மச்சான் ஒருவர் இவர் வீட்டில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். “வுடுங்க அக்கா, டீத்தூளு மிச்சம்” என்கிறார் நஜீர்.

நாய்களுக்குப் பெயர் வைப்பது அவருடைய உரிமை. பிடித்த இடம்தான் பெயர். ஏடிஎம் வாசலில் பிடித்தது ஏடிஎம். குமணன்சாவடி முனையில் பிரியாணிக் கடைக்குப் பின்னால் பிடித்தது தம்மு. பாடி மேம்பாலத்துக்குக் கீழே, லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில், பழைய டியூப் குவியல் மேல் படுத்துக்கிடந்த பழுப்பு நிறப் பெட்டைக்குப் பெயர் பஞ்சர். எங்கள் எல்லாரையும் குழப்பியது இந்தப் பஞ்சர்தான். முதலில் ஒரு டாக்டர் குழம்பினார், பிறகு நஜீர், கடைசியில் நான்.

அவர் நாய் பிடிப்பதை ஒரு தடவை பார்த்தேன். வண்டியில் வலை இருக்கிறது, எடுப்பதில்லை. டீக்கடையில் பொறை வாங்கிக்கொண்டு, நாய்க்குச் சற்றுத் தள்ளி ரோட்டோரமாகக் குந்திக்கொள்வார். நாயைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பொறையை உடைத்துத் தானும் கொஞ்சம் தின்பார். யார் இந்த ஆள் என்று நாய் வரும், முகரும், சந்தேகப்படும், மறுபடி வரும். கொஞ்ச நேரத்தில் அவர் முழங்காலில் தாடையை வைக்கும். தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவார். இப்படி ஏமாற்றிக் கொண்டுபோய் வயிற்றைக் கீற வைக்கிற மனிதரைக் கண்டால் கடிக்கத்தானே வேண்டும்? வாலை ஆட்டுகின்றன. ஒரு பாவமும் செய்யாமல் பால் பாக்கெட்டோடு தெருவில் நடந்துபோகிற என்னைக் கண்டால் பல்லைக் காட்டுகின்றன. இதில் என்ன நியாயம் என்று கேட்டேன். “எனக்கு இன்னா தெரியும்? அது மனசு” என்றார்.

அவர் வாயில் எப்போதும் ஒரு வாக்கியம் உண்டு. “நா வந்துட்டேன்ல? அப்பால இன்னா?” மயக்கம் தெளிந்து தள்ளாடும் நாயிடம் சொல்வார். மழையில் வண்டி மக்கர் பண்ணினால் வண்டியிடம் சொல்வார். எங்கள் தெருவில் கரண்ட் போனால் வாசலுக்கு வந்து எங்கள் எல்லாரிடமும் சொல்வார். அவர் வந்துவிட்டால் கரண்ட் வந்துவிடுமா? வராது. ஆனாலும் அதைக் கேட்டால் கொஞ்சம் தைரியமாகத்தான் இருக்கும்.

பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. தெரு அவ்வளவு குறுகல். அவர்கள் வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அவர் மனைவி அஷ்ரஃபுன்னிசா புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர். என் புடவைகள் எல்லாமே அவர் கை பட்டவை. இந்தக் கோடையில் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தையல் மெஷின் மேல் பழைய போர்வை ஒன்று விழுந்தது. மகள் ஃபிசா ஆம்பூரிலிருந்து வந்து கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டுவிட்டுத் தன் குடும்பத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு பகல் வேளைகளில் நான் போய் உட்கார்ந்திருப்பேன்.

சாயங்காலம் நஜீர் வருவார். தன் வீட்டு வாசலிலும் அதே கதைதான். செருப்பைத் தேய்ப்பார், செருமுவார், ஸலாம் சொல்வார், அப்புறம்தான் திரையை விலக்குவார். அவர் அத்தா காலத்துப் பழக்கமாம். உள்ளே பெண்கள் எப்படி இருக்கிறார்களோ, ஆண்பிள்ளை சத்தம் கொடுக்காமல் நுழையக் கூடாது. உள்ளே வந்ததும், “நா வந்துட்டேன்ல? வலிக்குதா?” என்பார். அஷ்ரஃபுன்னிசா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், தலையில் முக்காடு சரியாக இருக்கும். “இல்லீங்க” என்பார் சிரித்துக்கொண்டு.

நஜீருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. “எம் பொண்டாட்டி கெட்டி அக்கா. எம்மாம் பெரிய ஆபரேசன்! ஒரு முனகல் கெடயாது.” ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூடப் போவார். அங்கே டாக்டரம்மா, “வலி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால், அஷ்ரஃபுன்னிசா இவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “இல்லீங்க டாக்டர்” என்பாராம். டாக்டரம்மா வலி மாத்திரையைக் குறைத்துவிட்டார். அதையும் நஜீர் தெரு முழுக்கச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் கிடங்குக்குத் தாட்சாயிணி வந்தார். கால்நடை டாக்டர். மேற்படிப்புக்கு ஓர் ஆராய்ச்சி. நாயை எங்கே கீறினால் வலி குறையும், எந்த மருந்து கொடுத்தால் வலி குறையும் என்பதுதான் விஷயம். அறுவை செய்வது அங்கேயே இருக்கும் டாக்டர்கள். சில நாய்களுக்கு வயிற்றின் நடுவில் கீறினார்கள், சிலவற்றுக்கு விலாப்பக்கம் சின்னதாக. சிலவற்றுக்கு வழக்கமான வலி ஊசி மட்டும். சிலவற்றுக்கு அதோடு, தைப்பதற்கு முன் காயத்தைச் சுற்றி மரத்துப்போகிற மருந்தும். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வயிற்றைச் சுற்றிக் கட்டு. எந்த நாய்க்கு எது என்று காலேஜில் இருக்கும் பேராசிரியருக்குத்தான் தெரியும். மார்க் போடுகிற தாட்சாயிணிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஏமாற்றிவிடுமாம்.

மார்க் வலிக்கு. நாய் எப்படி நிற்கிறது, காயத்தை நக்குகிறதா, முனகுகிறதா, பக்கத்தில் தொட்டால் வெடுக்கென்று திரும்புகிறதா என்றெல்லாம் பார்த்துப் போடுவது. வலி கூடக் கூட மார்க்கும் கூடும். முதல் குழப்பம் இங்கேயே ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் ஃபெயில். இங்கே மார்க் குறைந்தால் நல்லது என்பது நஜீர் மண்டையில் ஏறச் சில நாள் பிடித்தது. ஏறிய பிறகு அவர் செய்ததுதான் வினை.

தாட்சாயிணி வருவதற்கு முன்னால் கூண்டு கூண்டாகப் போய் நாய்களைத் தயார் செய்தார். கண்ணில் பூளையைத் துடைத்தார். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். “காலேஜ்லேந்து டாக்டர் வருது. மானத்த வாங்காத. நல்லா நிக்கணும், இன்னா? நா வந்துட்டேன்ல?” இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்வாரே, அந்த மாதிரி. தாட்சாயிணி வந்து நின்றால் ஒவ்வொரு நாயும் எழுந்து நின்று வாலாட்டியது. காயத்துக்குப் பக்கத்தில் தொட்டபோதும் நஜீர் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. எல்லாவற்றுக்கும் குறைந்த மார்க். நஜீருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போதே, “அத்தினியும் பாஸு அக்கா!” என்று கத்தினார்.

தாட்சாயிணிக்கு வேறு விதமாகத் தலைகால் புரியவில்லை. நடுவில் கீறினாலும் ஒன்று, விலாவில் கீறினாலும் ஒன்று, மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்று என்றால் இதென்ன ஆராய்ச்சி? வயிற்றைக் கீறின நாய் ஒன்றுகூடவா சுருண்டு படுக்காது? இது இப்படியே முடிந்தால், மரத்துப்போகிற மருந்து வீண் என்று ஆகிவிடும். அறக்கட்டளை அதை நிறுத்திவிடும். இனி வருகிற நாய்களெல்லாம் அது இல்லாமலே தையல் வாங்கும். “எனக்கு ஒண்ணுமே புரியல, நஜீர் பாய்” என்று அவரிடமே சொன்னாராம். சொல்லிவிட்டு, தன் பழைய ஃபோன் ஒன்றைப் பஞ்சரின் கூண்டுக்கு எதிர் அலமாரியில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டுப் போய்விட்டார்.

அந்த வீடியோவை நஜீர் தன் ஃபோனில் வாங்கிக்கொண்டு வந்து, என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று எனக்குக் காட்டினார். பஞ்சர் கூண்டு மூலையைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. படுக்கப் பார்க்கிறது, வயிறு தரையில் படுமுன்பே எழுந்துவிடுகிறது. மறுபடி முயல்கிறது. முடியவில்லை. பின்னங்கால் நடுங்குகிறது. வயிற்றைச் சுற்றியிருக்கும் கட்டை நக்குகிறது, நிறுத்துகிறது, நக்குகிறது. எனக்கு நாய் ஆகாது என்பதுகூட மறந்துபோயிற்று. பிறகு எங்கோ தள்ளி, சர்ர், சர்ர் என்று செருப்புச் சத்தம். ஒரு செருமல். பஞ்சரின் காது நிமிர்கிறது. முன்னங்கால்களை ஊன்றி மெதுவாகத் திரும்புகிறது. கதவு திறக்கும்போது அது கம்பி ஓரமாக வந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

“இது பஞ்சர் இல்லன்னேன் டாக்டராண்ட. வேற நாயின்னு சொல்ட்டேன்” என்றார் நஜீர். ஃபோனைச் சட்டையில் துடைத்துவிட்டு, “பஞ்சர்தான்” என்றார்.

வீடியோ அங்கேயும் முடியவில்லை. நஜீர் கூண்டுக்குள் குந்துகிறார். அதுவரை படுக்கவே முடியாத நாய், அவர் தொடையில் முகத்தை வைத்து, மெல்ல மெல்லச் சரிந்து, படுத்து, தூங்கியும் விடுகிறது. இதைப் பார்த்துத்தான் தாட்சாயிணி ஒரேயடியாகக் குழம்பிவிட்டார். அவர் சொன்னதை நஜீர் அப்படியே என்னிடம் ஒப்பித்தார்: “நீங்க வந்தா அது வலிய மறைக்குதா, இல்ல நிஜமாவே வலி குறையுதா, எனக்குத் தெரியல பாய். ரெண்டுமே இருக்கலாம். ஆனா நீங்க பக்கத்துல நின்னா என்னால எதையும் பாக்க முடியல. மார்க் போடுற நேரம் மட்டும் நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?” நல்ல பெண்தான். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டிருக்கிறார். ஆனால் வெளியே இரு என்பதை எவ்வளவு பதமாகச் சொன்னாலும் அது வெளியே இரு என்பதுதான்.

மறுநாளிலிருந்து கூண்டு திறக்கும் வேலை வாட்ச்மேன் நாகேந்திரனுக்குப் போயிற்று. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நாயையும் நாற்காலியையும் ஒரே கண்ணால் பார்க்கிற மனிதர். அவர் முன்னால் நாய்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. சுருண்டன, முனகின, தொட்டால் உறுமின. சில அதிகமாக, சில குறைவாக. ஏடிஎம்முக்கு ஒரு மார்க், தம்முவுக்கு வேறு மார்க். பேராசிரியர் பார்த்துவிட்டு, மருந்துக்கு வேலை இருக்கிறது, நன்றாகவே தெரிகிறது என்று சொல்லி அனுப்பினார். ஆராய்ச்சி பிழைத்தது. இனி வருகிற நாய்களுக்கு அந்த மருந்து உண்டு.

நஜீருக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. மார்க் போடுகிற நேரத்தில் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பொறையை உடைத்து உடைத்துத் தூளாக்கிக்கொண்டிருப்பார் என்று, எங்கள் தெருப்பக்கம் வந்தபோது நாகேந்திரன் சொன்னார். தூளை என்ன செய்வதென்று தெரியாமல் காக்காய்க்குப் போட்டுவிடுவாராம். எங்கள் தெருவில் கரண்ட் போனபோதும் வாசலுக்கு வந்து நின்றார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

“நா இல்லாதப்பதான் நெசம் தெரியுதாம் அக்கா” என்றார் ஒரு நாள். “நா இன்னா நெனச்சிகினு இருந்தேன்? நா போனா வலி பறந்துபூடும்னு நெனச்சிகினு இருந்தேன். அது எனக்கோசரம் வலிய முழுங்கிகினு நின்னுகீது. அதுக்கு இன்னாத்துக்கு அக்கா அப்டி ஒரு தலயெழுத்து? நா கேட்டனா?”

அந்த வீடியோவில் இருந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். நாயிடம் இல்லை.

பகலில் அஷ்ரஃபுன்னிசா ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, சுவரைப் பார்த்தபடி கிடப்பார். எழுந்து பாத்ரூம் போக வேண்டுமென்றால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, நெற்றியெல்லாம் வேர்க்க எழுந்திருப்பார். இரும்புக் கட்டில், அவர் அசைந்தால் அது கிறீச்சிடுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். தையல் போட்ட இடத்தில் உள்ளுக்குள்ளே இழுக்கிறது என்பார். சாயங்காலமானால் தெருவில் ஒரு காது வைத்திருப்பார். சர்ர், சர்ர். உடனே கையை ஊன்றுவார், கட்டில் கிறீச்சிடும், நிமிர்ந்து உட்கார்வார், முகத்தைத் துடைப்பார், முக்காட்டைச் சரிசெய்வார். திரை விலகும்போது சிரித்துக்கொண்டிருப்பார்.

“ஏன்டி இப்படிச் செய்யறே? சொன்னா மாத்திரையாவது கூட்டித் தருவாங்க இல்ல?” என்று கேட்டேன்.

“அவராண்ட சொல்லிடாதீங்க அக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “நா முனகனா அந்த மனுசன் சோறு துன்ன மாட்டாரு. வேலைக்கும் போவாம வாசல்லயே குந்திகினு இருப்பாரு. டாக்டராண்டயும் அவரு கூடவே நிக்கறாரு, அவரு மூஞ்சியப் பாத்துகினு நா எப்டி வலின்னு சொல்றது?” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா நா பொய்யும் சொல்லல அக்கா. அவரு வந்து குந்தனா நெசமாவே கொஞ்சம் கொறையிது. எது எதுன்னு எனக்கே தெரியல” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நஜீர் மேலும் வந்தது, எதற்கென்று தெரியாமலே. ஒரு மனிதர் பாசமாக இருப்பதற்காக அவரைத் திட்ட முடியுமா? ஒரு பெண் சிரித்தாள் என்பதற்காக அவளைத் திட்ட முடியுமா? வீட்டுக்கு வந்து பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அஷ்ரஃபுன்னிசா ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் காலையில், நஜீர் வேலைக்குக் கிளம்பும்போது என் கேட்டருகில் நின்றார்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். நா இல்லாதப்போ அவ எப்டி கீறா?”

“நல்லாத்தான் இருக்கா” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்கு ஃபோனில் பஞ்சரைப் பார்த்த அதே பார்வை. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பிடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் மாடிப்படியருகே துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்பே நஜீர் தெருமுனையில் தெரிந்தார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றார். குனிந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். குழாய் புதைக்கத் தோண்டிச் சரியாக மூடாத தெரு எங்கள் தெரு, சரளைக்கல் துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் வெறுங்காலோடு, ஒரு சத்தமும் இல்லாமல், சுவரோரமாக வந்தார். என்னைக் கடந்தபோது என்னைப் பார்க்கவில்லை. செருமவில்லை. தன் வீட்டு வாசலுக்குப் போகாமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினார்.

அவர் பார்த்தது எனக்குத் தெரியவில்லை. தெரியத் தேவையும் இல்லை. அவருடைய கையில் தொங்கிக்கொண்டிருந்த செருப்பு மட்டும் ஆடாமல் இருந்தது. ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

திரையை விட்டுவிட்டு, அதே மாதிரி சத்தமில்லாமல் திரும்பி என் கேட்டருகில் வந்தார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

“அக்கா, நாளைக்கி ஆஸ்பத்திரிக்கி அவ கூட நீங்க போய்ட்டு வாங்க. உள்ள நீங்க மட்டும் போங்க. நா வெளிய ரோட்டாண்டயே நிக்கறேன். நா வந்ததே தெரியக் கூடாது.”

சரி என்றேன். அவர் தெருமுனை வரை திரும்ப நடந்துபோனார். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு அங்கிருந்தே ஆரம்பித்தார், சர்ர், சர்ர் என்று, சரளையில் வேண்டுமென்றே காலை இழுத்து இழுத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி. நடுவழியிலேயே ஒரு தடவை பெரிதாகச் செருமினார். வாசலுக்கு வந்த பிறகும் உள்ளே நுழையவில்லை. நின்று செருப்பைத் தேய்த்தார், மறுபடி செருமினார், மறுபடி தேய்த்தார், உள்ளே அந்த இரும்புக் கட்டில் கிறீச்சிட்டு அடங்கும்வரை.